சால்ட்பாக்ஸ் வீடு: அழகுக்கு மயங்கும் முன் கணக்கு போடுங்க!

பாஸ்டன் பக்கம் பழைய வீடு தேடுறீங்களா? முன்னாடி இரண்டு தளம், பின்னாடி ஒரே தளம், கூரை மட்டும் பின்பக்கம் நீளமா சரிஞ்சு இறங்கும். சாய்வு மூடி போட்ட மர உப்புப் பெட்டி மாதிரி இருக்கிறதால இந்தப் பேர்.

1600, 1700-களில் வீட்டுல இடம் பத்தாதப்போ, இடிக்காம பின்னாடி ஒரு சாய்ப்பு இறக்கினாங்க; பெரும்பாலும் சமையலறைக்கு. வரிக்குப் பயந்து கட்டினதுன்னு ஒரு கதை உண்டு. என்னைக் கேட்டா, சிக்கனமே போதுமான காரணம்! குவின்சியில ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் பிறந்த வீடும் இதே வகைதான்.

ஆனா அட்வான்ஸ் கொடுக்கும் முன், அஸ்திவாரத்து மேல இருக்கிற மரச்சட்டம் உளுத்திருக்கா, நடுப் புகைபோக்கியில விரிசல் இருக்கான்னு ஆள் வச்சுப் பாருங்க. பாரம்பரியப் பகுதியா இருந்தா ஜன்னல் மாத்தவே அனுமதி வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கழிச்சிட்டு விலை பேசுங்க.