தகவல் நின்றால் பணமும் நிற்கும்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய லா உல்ப் என்ற சிற்றூரில் 'ஸ்விஃப்ட்' நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. வங்கிகள் தங்கள் வசதிக்காக 1973இல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் அதிகமான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. 'இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வை' என்று ஒரு நாட்டு வங்கி இன்னொரு நாட்டு வங்கிக்குச் சொல்லியனுப்புவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். ஸ்விஃப்ட் பணத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் தகவல் போகாவிட்டால் பணமும் போகாது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதித்துறை இந்தத் தகவல்களை இரகசியமாகப் பார்க்கத் தொடங்கியது. 2006இல் பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அடுத்து வந்தது கதவடைப்பு. 2012 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்த ஈரானிய வங்கிகளை ஸ்விஃப்ட் துண்டித்தது. ஈரானிடம் எண்ணெய் இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. விற்ற காசு வீடு வந்து சேரத்தான் வழியில்லை. இந்தியா எண்ணெய் விலையில் ஒரு பகுதியைக் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகக் கட்டியது. அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் இங்கிருந்தே பாஸ்மதி அரிசி போன்ற சரக்குகளை வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய பண்டமாற்றுதான்.

டாலரின் பிடி இன்னும் இறுக்கமானது. உலகின் எந்த மூலையில் டாலர் கைமாறினாலும், பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றின் ஏடுகளில் அது பதிவாகிறது. சூடான், ஈரான், கியூபா மீதான தடைகளை மீறியதற்காக பிஎன்பி பரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

2018இல் நடந்ததுதான் வேடிக்கை. ஈரான் மீதான தடைகளைத் தளர்த்திய அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்க அதிபர் டிரம்ப் விலகி, தடைகளை மறுபடி விதித்தார். ஐரோப்பா எதிர்த்தது, அந்தத் தடைகளுக்குத் தன் நிறுவனங்கள் பணியக் கூடாதென்று சட்டமும் வைத்திருந்தது. ஆனாலும் இடையில் ஸ்விஃப்டில் மறுபடி இணைக்கப்பட்டிருந்த ஈரானிய வங்கிகள் நவம்பரில் மீண்டும் துண்டிக்கப்பட்டன. நிறுவனம் ஐரோப்பிய மண்ணில், அச்சமோ வாஷிங்டனிடம்.

2022இல், உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவின் முறை. முக்கிய வங்கிகள் சில ஸ்விஃப்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. மைய வங்கியின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது.

மாற்றுப் பாதை போடும் முயற்சிகளும் நடக்கின்றன. சீனா 2015இல் 'சிப்ஸ்' என்ற சொந்தப் பணப்பரிமாற்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஈரானுடன் டாலர் இல்லாமல் வணிகம் செய்ய ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் 2019இல் 'இன்ஸ்டெக்ஸ்' என்ற நிறுவனத்தை பாரிஸில் நிறுவின. 2020 மார்ச்சில் அதன் வழியே மருத்துவப் பொருட்கள் ஈரானுக்குப் போயின. 2023இல் அதை மூடும்வரை நிறைவேறிய வணிகம் அந்த ஒன்றுதான்.