குசினிக் கதவுக்குப் பின்னால்

மாடியில் விருந்தாளிகள் இன்னும் போர்வையை விலக்கவில்லை. கீழே, யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கத்துச் சின்ன விடுதியின் குசினியில் திருவிழாவே நடக்கிறது! முன்வாசலை யார் வேண்டுமானாலும் படம்பிடிக்கட்டும். வாருங்கள், நாம் பின்கதவால் நுழைவோம்.

முதலில் வந்து நிற்கிறது ஒரு ஓட்டோ. பின் சீட்டில் ஆளில்லை, ஈரச் சாக்கு. சாக்கு நெளிகிறது! அவிழ்த்ததும் நீலக்கால் நண்டுகள் தரையெங்கும் ஓட, "தள்ளி நில்லுங்கோ தம்பி, கடிச்சுப்போடும்!" என்று அகப்பையோடு பாய்கிறார் வீட்டுக்கார அக்கா. விடியுமுன் குருநகரில் கரையேறிய நண்டுகள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் நினைத்த நேரத்தில் வலைபோட முடியாது. இன்றோ விடியலில் பிடிபட்டது மத்தியானமே வெளிநாட்டுக்காரர் சாப்பாட்டில்!

இன்றைக்கு ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. அடேயப்பா, அந்தப் பானையை எட்டிப்பார்க்க வேண்டுமே! நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு கை முருங்கையிலை. எல்லாம் வெந்து வரும்போது, ஊறிக் கசப்பு நீங்கிய ஒடியல் மா சேர்ந்து தளதளவென்று கொதிக்கிறது. வாசனைக்கு நான் ஒரு எட்டு முன்னால் போக, "பொறுங்கோ, இன்னும் புளி விடேல்லை!" பக்கத்துத் திண்ணையில் ஒரு அம்மா கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலுகிறார். ஓலையை விரித்து, நடுவில் குழித்து, நுனிகளைச் சேர்த்து ஒரு முடிச்சு: குட்டித் தோணி தயார்! விரல்களின் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை.

இந்த ஒரு பானைக்குள் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது பாருங்கள்! பனங்கிழங்கைக் கீறிக் காயவைத்தவர், ஓலை வெட்டியவர், வலை இழுத்தவர், ஓட்டோ ஓட்டியவர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். அவர்கள் கையில் அன்றாடம் காசு புரளும் வழிகளில் இது ஒன்று. 1990இல் நின்றுபோன யாழ் ரயில் 2014 அக்டோபரில் திரும்பி வந்ததும் கூழ் குடிக்க ஆள் கூடியது. போர் ஓய்ந்த 2009இல் இலங்கைக்கு வந்த பயணிகள் சுமார் நாலரை லட்சம். 2018இல் 23 லட்சம்!

கிழக்கிலும் இதே துள்ளல்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தீவில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அறுகம்குடாவில் கரையோர விடுதிகள் உடைந்து போயின. அதே குடாவில் இப்போது சீசன் வந்தால் அலைச்சறுக்குப் பலகையோடு கூட்டம்! திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளே திமிங்கலம் காட்டவும் கிளம்புகின்றன.

எல்லாக் காசும் இப்படி ஊருக்குள் சுற்றாது என்பதுதான் என் ஆதங்கம். மரக்கறி முதல் மெத்தை விரிப்புவரை கொழும்பிலிருந்து லொறியில் இறங்கும் பெரிய ஹோட்டலால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு என்ன லாபம்? காங்கேசன்துறையில் ராணுவமே விடுதி நடத்தியது. அந்த அறை வாடகை எந்த அக்காவின் குசினியையும் எட்டாது. சுற்றுலாத் தொழில் சட்டென்று படுத்தும் விடும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்துக் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று அடிமேல் அடி. அப்படியும் 2024இல் வருகை 20 லட்சத்தைத் தாண்டி எழுந்துவிட்டது. அந்த எழுச்சியில் இந்த மாதிரிச் சின்ன விடுதிகளுக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

அதனால் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அறை பதியும்போதே கூழ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒடியல் மா ஊற வேண்டும், குருநகருக்கும் சொல்லியனுப்ப வேண்டும். மத்தியானம் வந்து நின்று கேட்டால் அக்கா என்ன செய்வார்?