மூன்று செட் ஸ்பேனர்

பழைய மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் மூன்று செட் ஸ்பேனர் இருக்கும். இன்ச், எம்எம், அப்புறம் விட்வொர்த். தொழில் பழக வரும் பையன்கள் தடுமாறுவது மூன்றாவதில்தான். ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருக்கும்; வாயை அளந்தால் அரை இன்ச்சுக்கும் கூடுதலாக இருக்கும். அந்த எண் நட்டின் அகலத்தைச் சொல்லவில்லை, உள்ளே போகிற போல்ட்டின் தடிமனைச் சொல்கிறது. மதுரையில் நான் தொழில் பழகிய பட்டறையில் இது தெரியாமல் நட்டின் முனையை மழுக்கி, மேஸ்திரியிடம் வசவு வாங்காத பையன் கிடையாது.

ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841இல் வகுத்த அளவு அது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன தடிமனுக்கு ஒரு இன்ச்சில் இத்தனை சுற்று என்று அவர் நிர்ணயித்தார். பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டன. ரயில் போன இடமெல்லாம் அந்த மரையும் போனது. வல்லரசு என்றதும் எல்லோரும் கப்பற்படையைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் நட்டையும் போல்ட்டையும் காட்டுவேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் தயாரித்த பேக்கார்ட் கம்பெனி, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகள் அங்கே கிடைக்காமல் தானே செய்துகொண்டது. 1965இல் பிரிட்டனே மெட்ரிக் அளவுக்கு மாறப்போவதாக அறிவித்தது.

எங்கள் பட்டறைக்கு வருகிற காலேஜ் பையன்கள் செய்தி பார்த்துவிட்டு, “அண்ணே, அமெரிக்கா கதை அவ்வளவுதானா?” என்று கேட்கிறார்கள். ஏறியவன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பிரிட்டனின் கதையை அதன் வண்டிகள் வழியாகத்தான் எனக்குத் தெரியும். அந்த வழியாகப் பார்த்தால் இறக்கத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒரு பங்கைத் தடுத்திருக்க முடியாது. மற்றது அவர்களே செய்துகொண்டது.

தடுக்க முடியாத பங்கு எளிது. 1870 வாக்கில் உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு பிரிட்டனுடையது. மக்கள் தொகையோ உலகில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் இன்னும் கொல்லுப்பட்டறை வைக்காததால் வந்த பங்கு அது. ஜெர்மனியும் அமெரிக்காவும் வைத்தார்கள். 1913இல் பிரிட்டனின் பங்கு 14 சதவீதம். பிரிட்டனின் உற்பத்தி குறையவில்லை, கூடத்தான் செய்தது. மற்றவர்கள் வளர்ந்ததால் இவர்கள் பங்கு சிறுத்தது. இதை வீழ்ச்சி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு இரண்டு உலகப் போர்கள் வந்து கஜானாவைக் காலி செய்தன. 1945 முடிவில் பொருளாதார நிபுணர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் வாஷிங்டனுக்குப் போய் 375 கோடி டாலர் கடன் பேசி முடித்தார்; அதன் கடைசித் தவணை கட்டப்பட்டது 2006 டிசம்பரில். இந்தியாவுக்கே பிரிட்டன் சுமார் 130 கோடி பவுண்டு பாக்கி வைத்திருந்தது. ஆண்டவன் ஆளப்பட்டவனிடம் கடன்காரன் ஆன கணக்கு அது.

இனி இரண்டாவது பங்கு.

போர் முடிந்தபோது ஜெர்மனியின் தொழிற்சாலைகள் இடிந்து கிடந்தன, ஜப்பானுடையவை எரிந்து கிடந்தன. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளுக்குப் போட்டியே இல்லை. பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ 1951இல் டிரையம்பையும் வாங்கிக்கொண்டு உலகின் மிகப்பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியாக நின்றது. நார்ட்டன், ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீளும். செய்ததெல்லாம் விற்றது. அமெரிக்காக்காரன் டாலர் கொடுத்து வாங்கினான், பழைய காலனிகள் பழக்கத்தில் வாங்கின. 1932இல் ஆட்டவாவில் செய்துகொண்ட வரிச்சலுகை ஒப்பந்தத்தால் சாம்ராஜ்ய நாடுகளில் பிரிட்டிஷ் சரக்குக்குத் தனிச் சலுகையும் இருந்தது. செய்ததெல்லாம் விற்கும்போது மெஷினை மாற்ற எந்த முதலாளிக்கு மனசு வரும்? போருக்கு முந்தைய மெஷின்களிலேயே வேலை ஓடியது.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் எஞ்சினைப் பிரித்தவர்களுக்கு ஒன்று தெரியும். கிராங்க்கேஸ் நடுவில் மேலிருந்து கீழாகப் பிளந்திருக்கும், நிறுத்திவைத்த புத்தகத்தை இரண்டாகப் பிரித்த மாதிரி. எண்ணெய் தேங்குகிற அடிப்பாகத்திலேயே அந்தப் பிளவு ஓடும். எவ்வளவு நல்ல பேக்கிங் வைத்தாலும், எவ்வளவு சீராகப் பூச்சுத் தடவினாலும், சில மாதத்தில் அடியில் ஈரம் கசியும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் வட்டம் இருந்தால் ‘எஞ்சின்ல ஆயில் இருக்குன்னு அர்த்தம்’ என்று சொல்லிச் சிரிப்பார் எங்கள் மேஸ்திரி. ஹோண்டா தன் பெரிய எஞ்சின்களைப் படுக்கைவாட்டில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே பிளந்தது. ஒழுகல் நின்றது. இதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம். ஆனால் புது அச்சும் புது மெஷினும் வேண்டும். அதற்குப் பணம் போட வேண்டும்.

தெரியாமல் விட்டார்களா என்றால், இல்லை. டிரையம்பின் ஸ்பீடு டிவின் வண்டியை வடிவமைத்த எட்வர்ட் டர்னர் 1960இல் ஜப்பானுக்கே போய் ஹோண்டா, சுசுகி, யமஹா தொழிற்சாலைகளைப் பார்த்தார். திரும்பி வந்து அறிக்கை எழுதினார். அங்கே ஒரே ஒரு கம்பெனி, பிரிட்டனின் அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து செய்வதைவிட அதிக வண்டி செய்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டே ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஹோண்டா வண்டிகள் ஜெயித்தன. இங்கிலாந்து மக்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

சின்ன வண்டியில் லாபம் இல்லை, அதை ஜப்பான்காரன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 50 சிசி ஓட்டிப் பழகியவன் நாளைக்குப் பெரிய வண்டி வாங்க நம்மிடம்தானே வருவான் என்பது கணக்கு. பிறகு 250 சிசியை விட்டார்கள். பிறகு 350. ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் அந்த வருஷக் கணக்கில் லாபம் கூடியது போலத் தெரிந்தது; நஷ்டம் தருகிற சரக்கைத்தானே நிறுத்தினோம்! 1969இல் ஹோண்டாவின் 750 சிசி வண்டி விற்பனைக்கு வந்தது. நாலு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். ஒழுகல் கிடையாது. அதற்கு எதிரே பிரிட்டனிடம் இருந்தது, பிஎஸ்ஏவும் டிரையம்பும் விற்ற மூன்று சிலிண்டர் வண்டி. அதன் மாதிரி 1965 வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. உருவத்தை மாற்றுகிறோம் என்று இழுத்து 1968இல்தான் வெளியே விட்டார்கள். அதற்கு உதைக்க வேண்டிய கிக்கர்தான்.

இதையெல்லாம்விட என்னை அசர வைத்தது 1971 மாடல் கதை. பிஎஸ்ஏ குழுமம் தொழிற்சாலைகளை விட்டு விலகி, கிராமப்புற மாளிகை ஒன்றில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தது. அங்கே வண்டிக்குப் புதிய சட்டம், அதாவது ஃபிரேம், ஒன்றை வரைந்தார்கள். வரைபடம் தாமதமாக வந்து, சட்டத்தைச் செய்து, டிரையம்ப் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தால், போகவில்லை. எஞ்சின் தலையிலிருக்கிற ராக்கர் பாக்ஸைக் கழற்றினால்தான் போகும். சீட்டும் உயரம், குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் எட்டவில்லை. வரைந்தவர் யாரும் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து எஞ்சினை டேப் வைத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். 1973இல் பிஎஸ்ஏ திவாலாகும் நிலையில் வேறொரு கம்பெனியோடு சேர்க்கப்பட்டது. யூனியன்களின் வேலைநிறுத்தம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேலைநிறுத்தங்கள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தை வரைந்தது யூனியன் இல்லை.

வண்டிக் கம்பெனிகளுக்கு இருந்த மாதிரி, போட்டியில்லாமல் கிடைத்த சலுகை நாட்டுக்கும் ஒன்று இருந்தது: பவுண்டு. உலகம் சேமித்து வைக்கிற பணம். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற அரசாங்கம் படாத பாடு பட்டது. பவுண்டு தள்ளாடும்போதெல்லாம் உள்நாட்டுச் செலவைக் குறைக்க, தவணை முறையில் பொருள் வாங்க முதலில் கட்ட வேண்டிய தொகையை ஏற்றுவார்கள். காரும் மோட்டார் சைக்கிளும் தவணையில்தானே விற்கும்? விற்பனை படுத்துவிடும். நிலைமை சரியானதும் தளர்த்துவார்கள், விற்பனை துள்ளும், மறுபடி இறுக்குவார்கள். இப்படி ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்தால் எந்தத் தொழிற்சாலை பத்து வருஷத்துக்கு முன்யோசனையோடு மெஷின் வாங்கும்? கௌரவமும் நிற்கவில்லை. 1949இல் 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறக்கினார்கள், 1967இல் 2.40.

நடுவில் சூயஸ். 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை தேசவுடைமையாக்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசி நவம்பரில் படை இறக்கின. சண்டையில் தோற்கவில்லை. பவுண்டு சரிந்தது, படையைத் திருப்பினால்தான் சர்வதேச நிதியமான ஐஎம்எஃபின் கடனுக்கு ஆதரவு என்றது அமெரிக்கா. திருப்பினார்கள். பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் ராஜினாமா செய்தார். 1976இல் அதே ஐஎம்எஃபிடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது பிரிட்டன்.

இத்தனைக்கும் நடுவில் சாதாரண ஆங்கிலேயர் வாழ்க்கை கெடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது. வீடும் காரும் வாங்கினார்கள். சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்தபோது லண்டன் சேரியில் இருந்தவரைவிட, சாம்ராஜ்யம் போன பிறகு அவர் பேரன் நன்றாகவே சாப்பிட்டான். நாட்டின் வீழ்ச்சி என்று பேசும்போது யாருடைய வீழ்ச்சி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அதே ஜப்பான், அதே வண்டிகள், அமெரிக்காவில் வேறு கதை. ஹார்லி டேவிட்சனும் எழுபதுகளில் எண்ணெய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. 1981இல் அதன் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து கம்பெனியைத் தாய்க்குழுமத்திடமிருந்து வாங்கினார்கள். 1983இல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அந்த அவகாசத்தில் ஹார்லிக்காரர்கள் ஜப்பானிய முறைகளைக் கற்று, தங்கள் தொழிற்சாலையை மாற்றினார்கள். 1987இல், கெடு முடியும் முன்பே, வரி இனி எங்களுக்கு வேண்டாம் என்று தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். பிஎஸ்ஏவுக்கு வந்த நோய்தான். அங்கே கம்பெனி பிழைத்தது.

நம் ஊரிலும் ஒரு சாட்சி இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இதைச் சொல்லி மீசை முறுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். புல்லட்டும் இங்கே சலுகையில்தான் வாழ்ந்தது. லைசன்ஸ் ராஜ்ஜியத்தில் புக் செய்துவிட்டுக் காத்திருந்தோம். வேறு போக்கிடம் இல்லாததால் வண்டி மாறவே இல்லை. எண்பதுகளின் நடுவில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா வந்ததும் இதற்கும் அதே கதி நேர்ந்தது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்ற பேச்சு வரை போய், பிறகு எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள். கிக்கரை உதைக்கத் தெரியாதவரும் வாங்கும் வண்டியானது. இன்று நார்ட்டன் ஓசூர் டிவிஎஸ்ஸின் சொத்து, 2020இல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள்.

வல்லரசுகளுக்கு ஜாதகம் கணிப்பவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள் என்பதும் இதனோடு சேர்ந்தது. பால் கென்னடி என்ற வரலாற்றாசிரியர் 1987இல் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள் அமெரிக்கா சரிகிறது, ஜப்பான் எழுகிறது என்று பேசினார்கள். 1989 கடைசியில் ஜப்பானின் பங்குச் சந்தை தொட்ட உச்சத்தை மறுபடி எட்ட 2024 வரை ஆனது. அமெரிக்காவின் பங்கு உலக உற்பத்தியில் இன்னும் ஏறத்தாழ நாலில் ஒன்று. இடையில் காணாமல் போனது சோவியத் யூனியன்.

ஆகவே காலேஜ் பையன்களிடம் நான் ஆரூடம் சொல்வதில்லை. அமெரிக்கா ஒரு கண்டம் போலப் பெரிய நாடு, 34 கோடி மக்கள்; சின்னத் தீவின் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் அன்று பவுண்டு இருந்த இடத்தில் இன்று டாலர் இருக்கிறது. அரசின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது, உலகம் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வரியைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. 1983இல் மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட வரி ஐந்தே வருஷத்துக்கு. 45, 35, 20, 15, 10 என்று இறங்க வேண்டும் என்று அன்றே எழுதி வைத்தார்கள். 2018இல் இறக்குமதி எஃகுக்கு 25 சதவீதம் போட்டார்கள். அதற்கு முடிவு தேதி எழுதவில்லை; 2025 ஜூனில் அது 50 ஆனது.