பழுதும் குறைபாடும்

நுழையும்முன்

புதிய ஊர்தி வாங்கும் நாளில் சந்தனம் பூசி, மாலை சூட்டி, எலுமிச்சங்கனி நசுக்கி ஓட்டிச் செல்கிறோம். அந்த ஊர்தி தொழிற்சாலையிலிருந்தே ஒரு குறையுடன் வந்திருந்தால் என்ன செய்வது? அக்குறையைக் கண்டறிவதும் களைவதும் யாருடைய கடமை என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

இரு சொற்கள்

பழுது, குறைபாடு என்னும் சொற்களை அன்றாடப் பேச்சில் நாம் வேறுபாடின்றி வழங்குகிறோம். ஊர்திகளைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஓடி ஓடித் தேய்ந்த பிரேக், காலம் கடந்தும் மாற்றாமல் விட்டதால் வெடித்த டயர், எண்ணெய் மாற்றாததால் இறுகிய எஞ்சின் ஆகியவை பழுதுகள். அவை பயன்பாட்டால் நேர்பவை; அவற்றைச் சீர்செய்யும் செலவு உரிமையாளரைச் சார்ந்தது. வடிவமைப்பில் நேர்ந்த தவறு, மூலப்பொருளின் வலுவின்மை, பொருத்துகையில் விளைந்த பிழை ஆகியவை குறைபாடுகள். ஊர்தி தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டும்போதே அவை அதனுள் இருக்கின்றன. ஆகவே அவற்றுக்கு ஆக்கியவரே பொறுப்பாவார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழுது தனி ஊர்திக்கு நேர்வது. குறைபாடோ, ஒரே தொகுதியில் உருவான எல்லா ஊர்திகளிலும் மறைந்திருக்கக்கூடியது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒருவர் தெருமுனை மெக்கானிக்கிடம் சென்று தம் பணத்தில் சரிசெய்துகொள்கிறார் எனக் கொள்வோம். அவருடைய இடர் அன்றே தீர்ந்துவிடுகிறது. ஆனால், அதே குறையுடன் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஊர்திகளைப் பற்றிய தடயம் அந்தக் கடையிலேயே நின்றுவிடுகிறது.

குறைபாடு தெரியவந்ததும், அத்தொகுதியைச் சேர்ந்த ஊர்திகள் அனைத்தையும் பணிமனைக்கு வரவழைத்து, கட்டணமின்றிச் சோதித்து, உறுப்பை மாற்றித் தருவதை ஆங்கிலத்தில் ரீகால் என்பர். நாளிதழ்கள் இதனைத் ‘திரும்பப் பெறுதல்’ என்று மொழிபெயர்க்கின்றன. இச்சொல் படிப்பவரை மயங்கவைக்கிறது. நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். வண்டி பறிபோய்விடுமோ என்று அஞ்சிப் பணிமனைப் பக்கமே செல்லாதவரும் உளர். பெரும்பாலும் நடப்பது சில மணிநேரச் சோதனையும் உறுப்பு மாற்றமுமே ஆகும். ஆதலின் ‘திரும்ப அழைத்தல்’ என்பதே பொருத்தமான சொல் எனலாம். இப்பாடத்தில் அதுவே வழங்கப்படுகிறது.

பிறந்த நாள் அறிதல்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்தது. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும், 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. அண்மைக் காலத்தில் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா ஆகிய மின் ஸ்கூட்டர் ஆலைகளும் எழுந்துள்ளன. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி வார்ப்படம், கடைசல், வெல்டிங், வண்ணப்பூச்சு எனப் பல பணிகளைச் செய்யும் சிறு தொழிலகங்கள் நிறைந்துள்ளன. வண்டியின் நெற்றியில் ஒரு நிறுவனத்தின் பெயரே இருப்பினும், அதன் உறுப்புகளுள் பல, பெயர் வெளியில் தெரியாத இத்தொழிலகங்களில் உருவானவை. இப்பகுதி மாணவர் பலரின் பெற்றோர் அங்கே பணிபுரிபவர்கள்.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஓசூரில் உருவாகும் ஐகியூப் மின் ஸ்கூட்டர்களுள் ஒரு பகுதியை டிவிஎஸ் நிறுவனம் சோதனைக்கு அழைத்தது. வண்டியின் பிரிட்ஜ் டியூப் என்னும் உறுப்பின் நிலையை ஆராய்வதும், தேவையாயின் கட்டணமின்றிச் சரிசெய்வதும் அதன் நோக்கம். அழைக்கப்பட்டவை 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை உருவான வண்டிகள் மட்டுமே. ஜூலை 9ஆம் நாள் உருவான வண்டிக்கு அழைப்பு இல்லை; 10ஆம் நாள் உருவானதற்கு உண்டு. இத்துணைத் துல்லியம் எவ்வாறு வாய்த்தது?

உறுப்பு எந்தத் தொழிலகத்தில், எந்த நாளில், எந்த ஷிப்டில், எந்த மூலப்பொருளிலிருந்து உருவாயிற்று என்பது தொகுதி எண்ணாகக் குறிக்கப்படுகிறது. முதன்மையான உறுப்புகள் வண்டியில் பொருத்தப்படும்போது, அத்தொகுதி எண் வண்டியின் அடிச்சட்ட எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யப்படுகிறது. மக்கள் வழக்கில் சேசிஸ் நம்பர் எனப்படும் இவ்வெண் 17 குறிகளைக் கொண்டது. எழுத்தும் எண்ணும் விரவிவரும் இதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இடம்பெறா. ஒன்று, சுழி ஆகிய எண்களோடு அவை மயங்கக்கூடும் என்பதே காரணம். ஒரு நாட்டில் ஓடும் இரண்டு ஊர்திகள் ஒரே பெயரும் ஒரே வண்ணமும் கொண்டிருக்கலாம். ஒரே அடிச்சட்ட எண்ணைக் கொண்டிருக்க இயலாது.

ஆகவே, ஷிப்டு முடியும் வேளையில் களைப்போடு ஒரு தொழிலாளி குறிப்பேட்டில் எழுதும் ஒற்றை வரி, பின்னாளில் யாரை அழைக்கவேண்டும் என்பதை முடிவுசெய்யும் சான்றாகிறது. அந்த வரி விடுபட்டுப்போனால், இரண்டு மாத வண்டிகளை அழைக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஆண்டு வண்டிகளை அழைக்க நேரும்.

மாருதி சுசூகி நிறுவனம் 2023 ஜனவரியில் 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்ற ஐயமே காரணம். அவை 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை உருவானவை. கடைசி வண்டி உருவாகி ஒரு வாரத்திற்குள்ளாகவே அறிவிப்பு வெளிவந்துவிட்டது. உறுப்பை மாற்றும்வரை வண்டியை ஓட்டவேண்டா என்றும் அதில் அறிவுறுத்தப்பட்டது.

எல்லாக் குறைபாடுகளும் இவ்வாறு சில வாரங்களுக்குள் அடங்குவதில்லை. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் ஆக்கிய காற்றுப்பைகளில், பையை நொடிப்பொழுதில் ஊதச்செய்யும் வேதிப்பொருளாக அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. நெடுநாள் வெப்பமும் ஈரப்பதமும் தாக்கினால் அது நிலைமாறி, தேவைக்கு மீறிய விசையுடன் வெடித்தது. உலோகத் துண்டுகள் ஓட்டுநர் மேல் பாய்ந்தன. உயிர்காக்க வைத்த கருவியே உயிரைப் பறித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஊதற்கருவிகளை மாற்றவேண்டியதாயிற்று. 2017இல் அந்நிறுவனம் நொடித்துப்போனது. இங்குக் குறை ஒரு நாளின் பணியில் நேர்ந்ததன்று, வேதிப்பொருளைத் தேர்ந்தெடுத்த முடிவிலேயே இருந்தது. புதிதாக வாங்கிய காரில் தென்படாத இக்குறை, நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆண்டுகள் செல்லச்செல்ல முதிரும் இயல்புடையது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

சட்டம் வந்த வழி

இந்திய ஊர்தி ஆக்குநர் சங்கம் 2012 ஜூலையில் தானாக முன்வந்து திரும்ப அழைக்கும் நெறிமுறையை வகுத்தது. அது நெறிமுறையே அன்றிச் சட்டமன்று. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019இல் நிறைவேறியபோதுதான் 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநர், பயணிகள், பிற சாலைப் பயனாளர் ஆகியோருக்கோ தீங்கு விளைக்கக்கூடிய குறைபாடு ஒரு வகை ஊர்தியில் இருப்பின், அவ்வகை ஊர்திகளைத் திரும்ப அழைக்குமாறு நடுவண் அரசு ஆணையிடலாம். ஊர்தியை மாற்றித் தருதல், பழுதுபார்த்துத் தருதல், விலையைத் திருப்பித் தருதல் ஆகியவை சட்டம் கூறும் தீர்வுகள். 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட ஊர்திகளுக்கு இவ்விதிகள் பொருந்தும். ஆணையின்பேரில் அழைக்க நேர்ந்தால், ஊர்திகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 1 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. நிறுவனமே குறையைக் கண்டு, அரசுக்குத் தெரிவித்து அழைக்குமாயின் தண்டம் இல்லை. இப்பிரிவில் மிக நுட்பமானது இக்கூறே என்று கருத இடமுண்டு. தவற்றை மறைப்பதைக் காட்டிலும் சொல்லிவிடுவதே ஊதியம் தருவதாக அது செய்துவிடுகிறது. செய்தித்தாளில் ‘திரும்ப அழைப்பு’ என்னும் தலைப்பைக் கண்டதும் அந்நிறுவனத்தைத் தாழ்வாக எண்ணுவோர் பலர். ஒருமுறைகூட அழைக்காத நிறுவனத்தின் வண்டிகளில் குறையே இல்லை என்று எவ்வாறு துணிவது?

இச்சட்டத்தின் தேவையை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில், வேலூரில் ஒரு வீட்டில் இரவு மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியது. எழுந்த புகையில் தந்தையும் 13 வயது மகளும் உயிரிழந்தனர். அதே நாள்களில் புனே நகரில் ஓலா ஸ்கூட்டர் ஒன்று தெருவோரத்தில் எரிந்த காட்சி நாடெங்கும் பரவியது. ஏப்ரலில் ஒகினாவா 3,215 வண்டிகளையும், ப்யூர் இவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்கு அழைத்தன. மின்கலப் பாதுகாப்புக்கான தரவிதிகளை நடுவண் அரசு கடுமையாக்கி, அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது.

பதிவாகும் குறையும் பதிவாகாத குறையும்

அரசு ஆணையிடுவதற்கு அடிப்படையாகும் காரணங்களுள் ஒன்று, விதிக்கப்பட்ட அளவு உரிமையாளர்கள் ஒரே குறையை முறையிடுவதாகும். இதற்கெனச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையவாசல் உள்ளது. தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் ஆயிரம் பேர் வண்டியைக் குறைகூறினாலும் அந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சேராது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஓலா நிறுவனத்தின் மீது பதிவான 10,644 முறையீடுகளை அடிப்படையாகக் கொண்டே, நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அவற்றுள் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் விடையளித்தது. அவ்விடையின் உண்மையை ஆராயவும் பதிவுகள்தாம் துணைநின்றன.

தனியொருவர் நீதி பெறும் வழியும் உண்டு. தில்லி–பானிப்பட் நெடுஞ்சாலையில் 2017இல் விபத்துக்குள்ளான ஹூண்டாய் கிரெட்டா காரின் காற்றுப்பைகள் விரியவில்லை. அதன் உரிமையாளர் காயமடைந்தார். காற்றுப்பை விரிவதற்குரிய விசை மோதலில் இல்லை என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்கவேண்டியதில்லை என்னும் கருத்துப்பட 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 3 இலட்சம் ரூபாய் இழப்பீடும் மாற்று ஊர்தியும் தரவேண்டும் என்ற கீழமைப்பின் ஆணை உறுதியாயிற்று.

எல்லைப்புற மக்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஒரு நன்மையைத் தந்துள்ளது. முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்குரிய நிகழ்வு நேர்ந்த இடத்திலோதான் முறையிட இயலும். பெங்களூருவில் கார் வாங்கிய ஓசூர்க்காரர் வழக்குக்காகவும் பெரும்பாலும் பெங்களூருவுக்கே செல்லவேண்டியிருந்தது. இப்போது அவர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும்.

எல்லையில் தொலையும் மடல்

திரும்ப அழைக்கும் செய்தி, நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்குமே செல்கிறது. இங்கேதான் ஓசூர் போன்ற ஊர்களில் சிக்கல் எழுகிறது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். கேஏ 51 என்று தொடங்கும் பதிவெண் கொண்ட பழைய கார்கள் ஓசூர்த் தெருக்களில் ஓடுகின்றன. டிஎன் 70 பதிவெண் கொண்டவை பெங்களூருவில் விற்பனையாகின்றன. விற்றவர் கையொப்பமிட்ட படிவங்களை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் உளர். அதற்குள் திரும்ப அழைக்கும் மடல் வருமாயின், அது வண்டியை விற்றுவிட்டவரின் வீட்டுக்குச் செல்லும். அவர் அதனைக் கிழித்தெறிவார். காற்றுப்பைக்கு நேராக அமர்ந்திருப்பவர் வேறொருவர்.

சட்டத்தின்படி வாங்கியவர் 30 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். பிற மாநில ஊர்தியாயின், முந்தைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருக்கும் பிற மாநில ஊர்திக்கு அம்மாநிலப் பதிவெண் பெறுதல் வேண்டும். சாலை வரி கருதி இதனைத் தள்ளிப்போடுவோரே மிகுதி.

மடலை எதிர்பாராமல் உரிமையாளரே தேடிச்செல்லவும் இயலும். பதிவுச் சான்றில் உள்ள அடிச்சட்ட எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டோ, பணிமனையில் கூறியோ அவ்வண்டிக்கு அழைப்பு உள்ளதா என்று பல நிறுவனங்களில் அறிந்துகொள்ளலாம். பழைய வண்டி வாங்கச் செல்வோர், சான்றில் உள்ள 17 குறிகளையும் வண்டியின் உலோகத்தில் பொறித்த 17 குறிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இருசக்கர ஊர்தியாயின் அவை பெரும்பாலும் கைப்பிடித் தண்டைத் தாங்கும் சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும். புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருப்பின் துணியால் துடைத்த பின்னரே எழுத்துகள் தெரியும்.