அறியாத பட்டங்கள் – 7: ஆறு மாத ஜப்பானியமும் நான்காண்டு ஜப்பானியமும்

1942 பிப்ரவரி. சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். வானலையில் பறந்த ஜப்பானிய ராணுவச் செய்திகளைப் பிடிக்க பிரிட்டனிடம் கருவிகள் இருந்தன. பிடித்ததைப் படித்துச் சொல்லத்தான் ஆள் போதவில்லை. லண்டனில் கீழை மொழிகளைக் கற்பித்துவந்த சோவாஸ் கல்லூரி, ஆள் தயாராக ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றது. சங்கேதத் துறையின் ஜான் டில்ட்மன் ஆறே மாதம் போதும் என்று அடித்துச் சொன்னார்.

பெட்ஃபோர்டு நகரில் வகுப்பு தொடங்கியது. வாத்தியார் ஆஸ்வால்டு டக், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. மாணவர்களில் பெரும்பாலோர் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்கம், லத்தீன் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். டோக்கியோவில் இறக்கிவிட்டிருந்தால் ஒரு கப் டீ கேட்டு வாங்கிக் குடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ராணுவச் செய்தி எந்த நடையில் வரும், அதில் என்னென்ன சொற்கள் இருக்கும் என்பதே பாடம். டில்ட்மன் சொன்னது பலித்தது. ஆறு மாதம் முடிந்ததும் சங்கேத வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த முதல் வகுப்பில் படித்த எரிக் சீடலை அங்கேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து, 1947-இல் அவர் கேம்பிரிட்ஜில் ஜப்பானிய விரிவுரையாளரானார். குறுக்கு வழி எவ்வளவு தூரம் போகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் மனம் போனது பழைய ஜப்பானியக் கவிதையின் பக்கம். ஆராய்ச்சியும் அதில்தான்.

இன்று கேம்பிரிட்ஜிலும் சோவாஸிலும் ஜப்பானியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டை ஜப்பானில் கழிக்க வேண்டும். அனிமே, மாங்கா மோகத்தில் வந்து சேரும் பிள்ளைகளை முதலிரண்டு ஆண்டும் மொழியே விழுங்கிவிடும். அன்றாடப் புழக்கத்துக்கென ஜப்பானிய அரசு வகுத்திருக்கும் காஞ்சி எழுத்துகள் 2,136. அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே அதற்கு ஒன்பது ஆண்டுப் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது.

அதையெல்லாம் தாண்டி வந்தவர் கையில் ஒரு பழைய மரஅச்சுப் புத்தகத்தைக் கொடுங்கள். நாளிதழை மளமளவென்று படிப்பவர் இங்கே முதல் வரியிலேயே நின்றுவிடுவார். தூரிகையை எடுக்காமல் மேலிருந்து கீழே இழுத்து எழுதிய எழுத்தை அப்படியே மரத்தில் செதுக்கி அச்சிட்டிருப்பார்கள். ஓர் எழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது. போதாக்குறைக்கு, ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள். ஒலிக்கு ஒரு வடிவம் என்று பள்ளிகளுக்கு விதித்ததே 1900-இல்தான். வல்லொலி, மெல்லொலிக் குறியும் பல இடங்களில் இருக்காது. நம் 'க' போலத்தான், இடம் பார்த்து வாசித்துக்கொள்ள வேண்டும். குசுஷிஜி எனப்படும் இந்தக் கையெழுத்தை இன்றைய ஜப்பானியர்களிலும் மிகச் சிலரே படிப்பார்கள். பழைய இலக்கணமோ தனி உலகம். மாணவர்கள் முணுமுணுப்பது இந்தப் பாடங்களைப் பார்த்துத்தான். என்னைக் கேட்டால், பட்டத்துக்குக் கட்டும் பணம் செரிப்பதும் இங்கேதான்.

ஏனென்றால் மற்றதை வெளியிலும் கற்றுவிடலாம். நம் ஊரில் ஜப்பானியம் என்றாலே 'என் ஃபோர் முடிச்சாச்சா, என் த்ரீ முடிச்சாச்சா' என்றுதான் பேச்சு. ஜேஎல்பிடி தேர்வின் நிலைகள் அவை. 2010 முதல் ஐந்து நிலைகள், என் ஃபைவில் தொடங்கி என் ஒன் வரை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சுத் தேர்வும் கிடையாது, கட்டுரை எழுதுவதும் கிடையாது. வேலைக்கு அது உதவும், மறுக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் பெட்ஃபோர்டு வகுப்புதான். இன்ன காரியத்துக்கு இவ்வளவு மொழி என்று அளந்து கொடுப்பது.

போர்க்காலத்தில் சோவாஸும் பள்ளி முடிக்கும் வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஜப்பானியம் சொல்லிக்கொடுத்தது. டல்லிச் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த அவர்களில் ஒருவர் ரொனால்டு டோர். போர் முடிந்ததும் அவர் மொழியை மூட்டை கட்டி வைக்கவில்லை. ஜப்பான் போய் டோக்கியோவின் ஒரு குடியிருப்பில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து 1958-இல் நூலாக்கினார். 1965-இல் தொகுகவா காலக் கல்வியைப் பற்றி எழுதினார். பின்னதற்குப் பழைய ஏடுகளோடு மல்லுக்கட்டாமல் முடியாது. சமூகவியலாளராக உலகம் அவரை மதித்தது இப்படிப்பட்ட நூல்களுக்காகத்தான்.

இந்தியாவிலும் இந்தப் படிப்பு உண்டு. டெல்லி ஜேஎன்யூவில் ஜப்பானியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. சாந்திநிகேதனில் ஜப்பானியத்துக்கென்றே நிப்பான் பவனம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலேய மாணவர் தலைகீழாக நின்று பழகுவது நமக்குப் பிறவியிலேயே வந்தது. (இதை வைத்து இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையேறிவிடாதீர்கள். ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு அப்படி வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.)

எங்கே சேர்வதானாலும் கடைசி ஆண்டுப் பாடத்திட்டத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். அதில் வரலாறும் பழைய இலக்கியமும் மூலத்திலேயே படிக்க இருக்கிறதா, வெறும் உரையாடல் பயிற்சிதானா என்று கவனியுங்கள். பின்னதென்றால் மாலை நேர வகுப்புக்கே போகலாம், செலவாவது குறையும்.

(தொடரும்)