ஆறாவதிலேயே தொடங்கும் கணக்கு

அமெரிக்காவில் எட்டாவது படிக்கும் பிள்ளை அல்ஜிப்ரா 1 எடுத்தால், பல இடங்களில் அது உயர்நிலைப் பள்ளி கிரெடிட்டாகவே சேரும். வசதிதான். ஆனா 13 வயசுல வாங்கின 'பி' கிரேடும் சில இடங்களில் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே போகும். அங்கிருக்கும் என் நண்பருக்கு அந்தக் கவலை.

நம்மூரில் கல்லூரி சேரும்போது எட்டாவது மார்க்கை யாரும் கேட்பதில்லை. ஆனால் இங்கேயும் ஆறாவதிலிருந்தே ஒன்று எண்ணப்படுகிறது. கல்வராயன் மலை வெள்ளிமலையில் ஒரு அப்பா கேட்டார்: "ஏழாவது மட்டும் கீழ கள்ளக்குறிச்சியில பிரைவேட்ல போட்டா என்னங்க சார்?"

மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு தரும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். பழங்குடியினர் நலப் பள்ளியும் கணக்கில் வரும். எட்டாவது வரை தனியாரில் படித்தவர்களில், ஆர்.டி.இ. இடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. காசு கட்டிப் படித்த ஒரு வருஷம் போதும், தகுதி போயிடும்.

அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்விலோ ஏழாவது மார்க்கையே பார்க்கிறார்கள்: 55%, எஸ்.சி., எஸ்.டி.க்கு 50%. தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷம் 12,000 ரூபாய்.

இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசலை. "டி.சி. வாங்க நாளைக்குப் போறதா இருந்தேன்" என்றார். நீங்களும் வாங்கும் முன் ஒருமுறை தலைமை ஆசிரியரைக் கேட்டுக்கோங்க.