பொறி வருதா, மினுக்குதா?

ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று, தென்காசி வரைக்கும் பொடிச் சாரலைக் கொண்டுவந்து தூவும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். மோட்டார் சைக்கிளின் வயரிங்குக்குச் சோதனை. பெருமழை வண்டியின் மேல் விழுந்து வழிந்து ஓடிவிடும். சாரல் காற்றோடு பக்கவாட்டில் வந்து பிளக் கேப்புக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் வண்டி நின்றுபோவது எண்பதுகளிலும் உண்டு, இப்போதும் உண்டு. கோளாறைத் தேடும் முறைதான் மாறியிருக்கிறது.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1984, 85இல் இண்ட் சுசூகி, யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 என்று நூறு சிசி வண்டிகள் வரிசையாகத் தெருவில் இறங்கின. அந்தக் கால மொபெட்டுகளில் பெரும்பாலும் பேட்டரியே கிடையாது. மேக்னட்டுக்குள் பாயின்டும் கண்டன்சரும், வெளியே எச்.டி. காயில், அதிலிருந்து தடித்த ஒரு வயர், அதன் முனையில் பிளக். எஞ்சினை ஓடவைக்கும் மின்சாரம் அவ்வளவுதான்.

அதனால் விசாரணையும் சுருக்கமாக இருந்தது. "வண்டி நின்னுட்டு, அண்ணாச்சி" என்று தள்ளிக்கொண்டு வருகிறவனிடம் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, "பிளக்கைக் கழத்திப் பாத்தியாடே? பொறி வருதா?" என்பதுதான். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, எஞ்சினின் உடம்பில் ஒட்டிவைத்து, கிக்கரை மிதிக்க வேண்டும். நீலமாகச் சொடுக்கினால் மின்சாரம் குற்றவாளி இல்லை. கார்புரேட்டர் பக்கம் போகலாம். மஞ்சளாக மங்கித் தெரிந்தால் பாயின்ட் கரிந்திருக்கும், கண்டன்சர் போயிருக்கும். ஒன்றுமே வராவிட்டால் கேப், வயர், காயில் என்று பின்னோக்கி ஒவ்வொன்றாகப் போக வேண்டும். மேக்னட்டில் இருக்கும் துளை வழியாகவே ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பாயின்டைச் சரிசெய்வார்கள். உப்புத்தாள் ஒரு துண்டு, பிளக் இடைவெளி பார்க்க ஒடிந்த ஹாக்சா பிளேடு, இரண்டு வயர் பற்றவைத்த ஒரு பல்பு: கருவிகள் இவையே.

சாரலுக்கென்று தனி உத்தியும் இருந்தது. வண்டியை இருட்டான இடத்துக்குத் தள்ளிப்போய்க் கிக்கரை மிதித்தால், நனைந்த எச்.டி. வயரிலிருந்து ஃபிரேமுக்கு நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். தாவும் இடத்தைத் துடைத்து, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிவிட்டால் ஊர் போய்ச் சேரலாம். இதை மெக்கானிக் மட்டும் செய்யவில்லை. வண்டி வைத்திருந்த வாத்தியார், பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் இதில் பாதி தெரிந்திருந்தது.

பாயின்ட் போய், அதன் வேலையை மின்னணு முறையில் செய்யும் சிடிஐ பெட்டி வந்தபோது முதல் கதவு சாத்திக்கொண்டது. திறந்து பார்க்க முடியாத பெட்டி அது. அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்பதே அதற்கான சோதனை. நிறங்களை மனப்பாடம் செய்வதும் அப்போதுதான் அவசியமானது. ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை எர்த், கறுப்பில் சாவி போட்டால் கரண்டு வரும். யமஹாவில் கறுப்புதான் எர்த், கரண்டு பழுப்பில். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் எர்த் என்று நினைத்துக் கரண்டைத் தொட்டு ஃபியூஸைப் பறிகொடுத்த கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகும் பழக்கமும் இருந்தது. அது வயரிங் முழுவதையும் எரித்த கதைகளும் குறைவில்லை.

அடுத்த மாற்றங்கள் அரசாணையாக வந்தன. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்றானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதி கட்டாயமானதும் கார்புரேட்டர் அநேகமாக விடைபெற்றது. பெட்ரோலை அளந்து விடும் வேலையை இசிஎம் என்கிற சிறு கணினி எடுத்துக்கொண்டது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார், பல மாடல்களில் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் என்று பட்டியல் நீண்டது. நூறு சிசி வண்டியிலும் இன்று "பொறி வருதா?" என்பது முதல் கேள்வியாக இல்லை. பேட்டரி இறங்கினால் பம்ப் ஓடாது. பல மாடல்களில் கிக்கரும் இல்லை.

மாறாக, வண்டியே வாய் திறந்து பேசுகிறது. மீட்டரில் இருக்கும் எஞ்சின் விளக்கு மினுக்கும் கணக்கைப் படிக்கலாம். ஹோண்டாவின் முறையில் ஒவ்வொரு நீள மினுக்கலுக்கும் பத்து, ஒவ்வொரு குறு மினுக்கலுக்கும் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12, அதாவது இன்ஜெக்டர். ஸ்கேனர் வைத்திருப்பவர் அதைத் திரையில் எழுத்தாகவே பார்த்துவிடுவார்.

ஆனால் உடம்பு சுடுகிறது என்று தெர்மாமீட்டர் சொல்வது போலத்தான் அந்த எண்ணும் சொல்கிறது. 12 என்றதும் இன்ஜெக்டரை மாற்றுகிறவர் சீசனில் பலமுறை ஏமாறுவார். இன்ஜெக்டர் நன்றாக இருக்கும். அதன் கப்ளருக்குள் சாரல் புகுந்து பின்னில் பச்சை பூத்திருக்கும், அல்லது எலி வயரைக் கடித்திருக்கும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். பழைய வண்டியில் எர்த் துருப்பிடித்தால் பல்பு மங்கும், அவ்வளவே. இன்றைய சென்சார்கள் பலவும் 5 வோல்ட்டில் பேசுகின்றன. வழியில் அரை வோல்ட் தொலைந்தாலே இசிஎம் தப்பாகப் புரிந்துகொள்ளும்.

இரண்டு வயர் பற்றவைத்த அந்தப் பழைய பல்பு டெஸ்டரும் இப்போது ஆபத்து. இசிஎம்முக்குப் போகும் வயரில் அதை மாட்டினால் பல்பு இழுக்கும் கரண்டே உள்ளிருக்கும் பாகத்தைக் கெடுத்துவிடலாம். அதன் இடத்தில் மல்டிமீட்டர். சாவியைப் போடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே, எஞ்சின் ஓடும்போது 14 ஒட்டி இருக்கிறதா? விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே வைத்தால் மீட்டர் ஏறத்தாழப் பூஜ்யம் காட்டுகிறதா? காட்டாவிட்டால் ஸ்கேனரை மூடிவைத்துவிட்டு எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பி, கழுத்தில் வயர் ஒடிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அன்று போலவே இன்றும் நடக்கிறது.

அன்றைய வண்டி நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. அடிக்கடி பிளக்கைத் துடைத்தவர்களுக்கு, சீசன் முழுக்கச் சீட்டைத் திறக்காமல் ஓடும் இன்றைய வண்டியின் அருமை தெரியும். கோளாறு குறைந்திருக்கிறது. வந்துவிட்டால், வழியில் நிற்கிறவர் தானே செய்துகொள்ளக்கூடியதும் குறைந்திருக்கிறது. தெருமுனைப் பட்டறைக்கு இப்போது தேவை, அந்த மாடலின் வயரிங் படம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அது இருக்கும். வெளியே யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் தேட வேண்டும். 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. பாயின்டைத் திறந்து பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வயரிங் படமும் அதே போலக் கைக்குக் கிடைத்தால், தென்காசிப் பட்டறைகளில் இருக்கும் பழைய புத்தியே புதிய வண்டிக்கும் போதும்.